பிள்ளை வகுப்பில் எத்தனையாவது?

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமயச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய மண்டபம் இது. இங்கே நின்று பள்ளிப் பாடங்களையும் புள்ளிக் கணக்கையும் பேசுவது பொருந்துமா என்று நான் தயங்கியதுண்டு. தலைவர் அவர்களோ, "அர்ச்சனைச் சீட்டு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையின் பரீட்சைக்காகத்தான் வருகிறார்கள், அந்தப் பரீட்சை எப்படிப்பட்டது என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று என் தயக்கத்தைப் போக்கினார்.

அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் பிள்ளையின் பெயரைக் கேட்கிறார், சொல்கிறோம். நட்சத்திரம் கேட்கிறார், யோசிக்காமல் சொல்கிறோம். ராசியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அதே பிள்ளை நான்காம் படிவத்தில் எந்தப் பாடத் தொகுப்பில் படிக்கிறது என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலர் பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்கிறோம். நட்சத்திரம் தெரிந்திருப்பதில் குற்றமில்லை. மற்றதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

நம் வீடுகளில் பிள்ளை தேர்ச்சி அட்டையைக் கொண்டுவந்தால் எழும் முதற் கேள்வி, "எத்தனையாவது?" என்பதுதான். என் தந்தையாரும் அதையே கேட்டார். அவர் பால்மரம் வெட்டியவர். மலாயில் அச்சிட்ட அட்டையில் அவரால் அடையாளம் காண முடிந்தது எண்களை மட்டுமே; கையொப்பத்தைத் தமிழில் இடுவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 1992ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வெழுதி, மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாததால் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து, 1994இல் முதல் படிவத்துக்குப் போனேன். ஆண்டிறுதியில் வந்த அட்டையில், வகுப்பு நிலை 1/38 என்று எழுதியிருந்தது. தந்தையார் லயத்தில் வீடு வீடாகச் சென்று காட்டினார். கடையில் கடன் சொல்லி மிட்டாய் வாங்கி வந்து பங்கிட்டார்.

அதே அட்டையில் அடுத்த வரியில் 205/266 என்று இன்னோர் எண் இருந்தது. அது முதல் படிவ மாணவர் அனைவருள்ளும் என் நிலை. அந்தப் பள்ளியில் முதல் படிவத்துக்கு ஏழு வகுப்புகள். நான் முதலாவதாக வந்தது ஏழாவது வகுப்பில். தந்தையார் அந்த இரண்டாவது வரியைப் பார்க்கவில்லை. எனக்கு அதன் பொருள் தெரியும். ஆனால் மிட்டாய் பங்கிடும் மனிதரிடம் எப்படிச் சொல்வது?

மறு ஆண்டுத் தோட்டக் கோயில் திருவிழாவில், பந்தலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய தமிழாசிரியர் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இரண்டு எண்ணையும் பார்த்தார். பிறகு அவற்றை விட்டுவிட்டுக் கணிதப் புள்ளியைப் பார்த்தார். "பையன் கணிதத்தில் 71 வாங்கியிருக்கிறான். இவன் இருக்க வேண்டிய வகுப்பு இதுவல்ல. நீங்கள் போய்க் கேட்காவிட்டால் யாரும் மாற்றமாட்டார்கள்" என்று தந்தையாரிடம் சொன்னார். ஒருநாள் கூலியை இழந்து, கல்யாணத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அணிந்து தந்தையார் பள்ளிக்குப் போனார். இரண்டாம் படிவத்தின் நடுவில் நான் மூன்றாவது வகுப்புக்கு மாற்றப்பட்டேன். அங்கே என் நிலை 31. தந்தையாருக்கு வருத்தம்தான். "ஒன்றிலிருந்து முப்பத்தொன்றா?" என்று வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியோர்களே, வகுப்பு நிலை என்பது முப்பது நாற்பது பிள்ளைகளுக்குள் ஓர் இடம், அவ்வளவே. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1997ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். உயர்நிலைப்பள்ளியில் தம் ஆண்டு மாணவருள் முதல் பத்து விழுக்காட்டில் வருவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்பது அச்சட்டம். அங்கே அந்த எண் ஒரு கதவைத் திறக்கிறது. (அமெரிக்கா என்றதும் நினைவுக்கு வருகிறது: அவர்களுக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருந்தால், நம் பீடோங்கில் ஹார்வர்டு தோட்டம் இருக்கிறது, அதன் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன.) தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதம் 100, பௌதிகம் 50, இரசாயனம் 50 என்று 200க்குக் கட் ஆஃப் கணக்கிடுகிறார்கள், நம் தொலைக்காட்சித் தொடர்களில் அடிபடும் சொல் அது. இவை எதுவும் நமக்குப் பொருந்தா. மலேசியாவில் வகுப்பு நிலையைக் கேட்டு எந்தப் பல்கலைக்கழகமும் இடம் தருவதில்லை.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்ப்பது? இங்கேதான் பெற்றோர் குழம்புகிறார்கள். குழம்புவது அவர்கள் குற்றமுமன்று. "ஒன்று" என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு நிலையில் ஒன்று என்றால் முதலிடம். இன்று வகுப்பறை மதிப்பீட்டில் தரப்படும் அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை. அதில் ஒன்று என்றால் அடிமட்டம், ஆறுதான் உச்சம். எஸ்.பி.எம். தேர்வில் நாட்டுக்கும் பள்ளிக்கும் கணக்கிடும் சராசரித் தரத்தில் ஏ பிளஸ் சுழியம், ஏ ஒன்று, ஏ மைனஸ் இரண்டு என்று தொடங்கி, தோல்வியைக் குறிக்கும் ஜி ஒன்பதில் முடிகிறது. ஆகவே எண் குறையக் குறைய நன்று. 2023ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வின் தேசிய சராசரி 4.60, 2024இல் அது 4.49. நாளிதழில் இதைப் படித்துவிட்டு, "தேர்ச்சி விழுந்துவிட்டதே" என்று என்னிடம் கவலைப்பட்டார் ஒரு பெரியவர். விழவில்லை ஐயா, உயர்ந்திருக்கிறது. பிறகு ஆறாம் படிவத்திலும் மெட்ரிகுலேஷனிலும் பல்கலைக்கழகத்திலும் வருகின்ற பி.என்.ஜி.கே. என்னும் ஒட்டுமொத்தத் தரச் சராசரியில் 4.00 உச்சம், 1.00 என்றால் பிள்ளை பெரும் இக்கட்டில் இருக்கிறது. ஒரே எண், நான்கு இடத்தில் நான்கு பொருள். இனி பிள்ளை ஓர் எண்ணைச் சொன்னால், "இது எந்தக் கணக்கு? ஏறினால் நன்றா, இறங்கினால் நன்றா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு மகிழுங்கள் அல்லது வருந்துங்கள்.

எண்களுக்கு முன்னரே வருவது பாடத் தேர்வு. என் காலத்தில் மூன்றாம் படிவ முடிவில் பி.எம்.ஆர். தேர்வு இருந்தது. 2014இல் பி.டி.3 வந்தது. 2021இல் யு.பி.எஸ்.ஆரும் 2022இல் பி.டி.3உம் ஒழிக்கப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் பெற்றோரை உலுக்கி எழுப்பிய மணியும் அதோடு போயிற்று. முன்பு தேர்வு முடிவு வந்த நாளில் வீட்டில் ஒரு பேச்சாவது நடக்கும். அதன் பின்னர் மூன்றாம் படிவத்தின் இறுதியில் பள்ளி ஒரு படிவத்தைக் கொடுக்க, பிள்ளை அதை நிரப்ப, தந்தை கையெழுத்திட, இரண்டு நிமிடத்தில் வாழ்க்கையின் பாதி முடிவாகிவிடும் நிலை வந்தது.

2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. தேர்வுப் பாடங்களைத் தொகுப்புகளாக வழங்குகிறார்கள். எல்லாத் தொகுப்பும் எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் உள்ளவற்றைத்தான் பள்ளி வழங்க முடியும். ஒரு தொகுப்பில் பௌதிகம், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் நான்கும் இருக்கும். இன்னொன்றில் உயிரியலுக்கு மாற்றாகக் கணினிப் பாடமோ வேறொன்றோ இருக்கும். மற்றொன்றில் கணக்கியல், வணிகம், பொருளியல் இருக்கும். பெயர்கள் ஒன்று போலவே ஒலிப்பதால், "அறிவியல்தானே" என்று பெற்றோர் கையெழுத்திட்டு விடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஆலயத்திலேயே ஒரு தாயார் தம் மகளின் எஸ்.பி.எம். முடிவை என்னிடம் காட்டினார். ஏழு ஏ. அபிஷேகத்துக்குப் பால் குடத்துடன் வந்திருந்தார்கள். மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. ஐந்து வயதிலிருந்தே அதைச் சொல்லி வளர்ந்த பெண். தாளை மேலிருந்து கீழாகப் படித்தேன், இரசாயனம் இல்லை, உயிரியலும் இல்லை. "இரசாயனம் கடினம், ஏ வராது, எளிய பாடம் எடுத்தால் ஏ எண்ணிக்கை கூடும் என்று யாரோ சொன்னார்கள் அண்ணா" என்றார் தாயார். மலேசிய மருத்துவ மன்றம் வகுத்துள்ள நுழைவுத் தகுதியில், எஸ்.பி.எம். தேர்வில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், மேலும் ஒரு பாடம் என ஐந்தில் பி தரமாவது வேண்டும். நம் செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமாயினும் சரி, தலைநகரத்துப் பல்கலைக்கழகமாயினும் சரி, விதி ஒன்றுதான். அந்தப் பெண் அன்று அழவில்லை. பால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் ஏழு ஏ எதற்கு?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் ஆறாம் படிவத்தில் கலைப்பாடங்களைப் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் நன்றாகவே படிக்கிறாள். ஆனால் அவள் கேட்டது அதுவன்று.

எல்லாப் பிள்ளையும் மருத்துவராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மோகத்தால் நொடித்துப்போன குடும்பங்களையும் அறிவேன். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதே கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. ஜித்ராவிலும் ஒரு பாலிடெக்னிக் உண்டு. கையால் வேலை செய்வதில் நாட்டமுள்ள பிள்ளைக்கு அது தாழ்ந்த வழியன்று. நான் சொல்வது, எந்த வழியாயினும் அதன் வாசலில் என்ன பாடம் கேட்பார்கள் என்று மூன்றாம் படிவத்திலேயே விசாரியுங்கள் என்பதே. பொறியியலுக்குப் பௌதிகமும் கணிதமும். மெட்ரிகுலேஷனின் அறிவியல் பிரிவுக்கு வழக்கமாகக் கூடுதல் கணிதமும் இரசாயனமும். மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லையேல் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை, வரலாறு 2013ஆம் ஆண்டிலிருந்து அவ்வாறு ஆயிற்று. எத்தனை ஏ இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

எஸ்.பி.எம். முடிந்தபின் மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா என்ற கேள்வி. சாங்லூனில் உள்ள கெடா மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கு ஆசைப்படாத பெற்றோர் இல்லை. மெட்ரிகுலேஷனில் 90க்கு 10 என்ற ஒதுக்கீடு இருப்பது யாவரும் அறிந்ததே. 2012இல் இந்திய மாணவருக்கு 1,500 இடங்களும் 2018இல் 2,200 இடங்களும் அறிவிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டில், 10 ஏ அல்லது அதற்கு மேல் பெறுவோருக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். கொள்கையை ஆராய்வது அரசு ஊழியனாகிய என் வேலையன்று. அறிவிப்பின் சொற்களை ஊன்றிப் படிப்பதே என் பழக்கம். ஏ என்று எதை எண்ணுகிறார்கள், மைனஸ் சேருமா என்பதை அந்தந்த ஆண்டு அமைச்சின் அறிவிப்பில் பாருங்கள்.

"10 ஏ" என்ற சொல்லில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. முழு அறிவியல் தொகுப்பு எடுக்கும் நம் பிள்ளை எழுதும் பாடங்களை விரல்விட்டு எண்ணுங்கள்: மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி, கூடுதல் கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல். ஒன்பது! ஒன்பது பாடம் எழுதிய பிள்ளை எப்படிப் பத்து ஏ வாங்கும்? பத்தாவது விரல் தமிழ். தமிழை எடுத்தால் ஏ தவறிவிடும், சராசரி கெடும் என்று அதைக் கைவிடச் சொல்லும் குரல் நம் ஊர்களில் இன்னும் கேட்கிறது. 2009இல் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாட வரம்பு அறிவிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபடுமே என்று நாடெங்கும் குரல் எழுப்பி, பன்னிரண்டு வரை எழுத அனுமதி பெற்ற சமுதாயம் இது. பெற்ற அனுமதியை நாமே பயன்படுத்தாமல் விட்டால் யாரை நோவது? மேலும், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளை எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதியிருக்க வேண்டும். ஆறாம் படிவத்திலும் தமிழ் ஒரு முழுப்பாடம். மற்ற பாடங்களுக்குள்ள அதே எடை அதற்கும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956 முதல் இருக்கிறது.

உங்கள் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையா? 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும் என்கிறது. பதினைந்து கையெழுத்து. நம் அன்னதான வரிசையில் பத்து நிமிடத்தில் திரட்டிவிடலாம்.

ஆறாம் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நம் பிள்ளைகளில் கணிசமானோர் அங்கேதான் போகிறார்கள். சராசரிக் கணக்கின் முழு வலிமையும் அங்கேதான் தெரிகிறது. எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று பருவங்களாக நடக்கிறது. முன்போல் ஒன்றரை ஆண்டு விளையாடிவிட்டுக் கடைசியில் படித்து எழுத முடியாது; முதல் பருவத்திலேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00 என்று ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு மதிப்பு. ஒரு பெண் தமிழில் ஏ, வரலாற்றில் ஏ மைனஸ், பெங்காஜியான் அம் என்னும் பொதுப் பாடத்தில் பி பிளஸ், பொருளியலில் பி பெறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டினால் 14.00, நான்கால் வகுத்தால் 3.50. இதுவே அவளுடைய பி.என்.ஜி.கே.

அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10 என்று நூற்றுக்குக் கணக்கிடுகிறார்கள். இவளுடைய 3.50ஐ நான்கால் வகுத்து 90ஆல் பெருக்கினால் 78.75. சாரணியர் இயக்கத்திலும் பூப்பந்திலும் ஈடுபட்டு, பொறுப்பும் வகித்து, புறப்பாடத்தில் 8 புள்ளி பெற்றிருந்தால் மொத்தம் 86.75. இவளுடைய வகுப்புத் தோழனுக்கு 3.67; அவன் கணக்கு 82.58. ஆனால் பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவான், புறப்பாடத்தில் 3.50 மட்டுமே. மொத்தம் 86.08. வகுப்பு நிலையில் அவன் முந்தியவன். பல்கலைக்கழக வரிசையில் இவள் முந்திவிட்டாள். "விளையாட்டும் வேண்டாம், முகாமும் வேண்டாம், படித்தால் போதும்" என்று பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, வீட்டில் நிறுத்தி வைக்கும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். தேவார வகுப்புக்கு அனுப்புவது போலவே மாவட்டப் போட்டிக்கும் அனுப்புங்கள். வென்றால் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். கரையான் அரித்த சான்றிதழுக்குப் புள்ளி கிடையாது.

பல்கலைக்கழகத்திலும் பாலிடெக்னிக்கிலும் சராசரி இன்னும் ஒரு படி நுட்பமானது. அங்கே பாடங்களுக்கு எடை உண்டு. நான்கு கிரெடிட் பாடத்தில் சி, அதாவது 2.00, இரண்டு கிரெடிட் பாடத்தில் ஏ, அதாவது 4.00. சராசரி 3.00 என்று பிள்ளை சொல்லும். இல்லை. எட்டும் எட்டும் பதினாறு. ஆறால் வகுத்தால் 2.67. கனமான பாடத்தில் சறுக்கினால் இலேசான பாடத்தால் தூக்கிவிட முடியாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சுங்கைப்பட்டாணியிலும் பாடாங் செராயிலும் தாமான்களில் குடியேறிவிட்டோம். பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் மட்டும் லாடாங் என்ற சொல் தங்கியிருக்கிறது. அன்று பந்தலில் தோரணம் கட்டியபடி அட்டையை வாங்கிப் பார்த்த ஆசிரியரைப் போல ஒருவர் பக்கத்து லயத்தில் இன்று இல்லை. அதனால்தான் நிர்வாகக் குழுவிடம் ஒன்று கேட்டேன், மறுக்காமல் தந்தார்கள்.

திருவிழா முடிந்த மறு வெள்ளியிலிருந்து, காலைப் பூசைக்குப் பின் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை, மண்டபத்தின் பின்புறச் சிறு கூடம் மூன்றாம் படிவ மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. பணி ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியர்களும் நானும் இருப்போம். தேர்ச்சி அட்டையும், பள்ளி தந்த பாடத் தொகுப்புப் படிவமும் கொண்டு வாருங்கள். படிவத்தில் இன்னும் கையெழுத்திடாமல் கொண்டு வந்தால் மிகவும் நன்று. பிள்ளையையும் அழைத்து வாருங்கள். முதலில் அவர்களிடம்தான் பேசுவோம்.